ட்ரூலியை ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்: விண்வெளி வரலாற்றுக் கையேட்டின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கு,

உங்கள் கையேட்டின் முந்தைய பதிப்பில் ரிச்சர்ட் ட்ரூலிக்குத் தனி இயல் இருந்தது. திருத்திய பதிப்பில் அதை எடுத்துவிட்டீர்கள். நாசா தலைவர்களின் அட்டவணையில் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அமெரிக்க ராணுவ ஜெனரல், நாசாவுக்குத் தலைவரான முதல் விண்வெளி வீரர் என்கிறது அந்த வரி. காரணம் கேட்டோம். பக்கங்களைக் குறைக்க வேண்டியிருந்தது, தமிழில் படிக்கும் மாணவருக்கு இவரைப் பற்றி இதற்குமேல் தேவைப்படாது என்று பதில் வந்தது. இதை எங்களால் ஏற்க முடியவில்லை. உங்கள் கையேட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களும், விண்வெளித் தொழில்நுட்ப நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த ஒரு வரி. அதிலேயே பிழை இருக்கிறது. ட்ரூலி தரைப்படையில் இருந்தவரல்ல, ஜெனரலும் அல்ல. அவர் கடற்படை விமானி. 1959-இல் ஜார்ஜியா டெக்கில் விமானப் பொறியியல் படித்து முடித்தவர். இன்ட்ரெபிட், என்டர்பிரைஸ் ஆகிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எஃப்-8 க்ரூஸேடர் போர் விமானம் ஓட்டியவர். கப்பல் தளத்தில் 300 தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறார், அவற்றில் பல இரவில். ஓய்வுபெறும்போது அவருடைய பதவி வைஸ் அட்மிரல். ஜெனரல் என்ற சொல் பொருந்துவது, 2009 முதல் 2017 வரை நாசாவை நடத்திய சார்ல்ஸ் போல்டனுக்கு. அவர் மரைன் படையின் மேஜர் ஜெனரல். இரண்டு பேரின் வரிகளும் அச்சுக்கு முன் எங்கோ கலந்துவிட்டன என்றே நினைக்கிறோம்.

சீருடையில் இருந்தபடியே ஒருவர் நாசாவுக்குத் தலைவராக வந்தார் என்ற எண்ணத்தையும் அந்த வரி உண்டாக்குகிறது. வகுப்பில் அடுத்த கேள்வி, 'அப்படியானால் நாசா ராணுவ அமைப்பா?' என்பதுதான். நாசாவை உருவாக்கிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் தலைவர் குடிமக்கள் வாழ்விலிருந்தே நியமிக்கப்பட வேண்டும் என்கிறது. விண்வெளி ஆய்வு படைகளின் கைக்குள் போய்விடக் கூடாது என்று யோசித்து வைத்த நிபந்தனை அது. அதனால்தான் 1989-இல் ரியர் அட்மிரலாக இருந்த ட்ரூலியை நியமிக்க, அவர் பெயரைச் சொல்லியே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கடற்படையிலிருந்து விலகித்தான் அவர் பொறுப்பேற்றார். ஒரு படை அதிகாரி குடிமை அமைப்பின் தலைவராவதற்கு இத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அவர் ராணுவத்திலிருந்து நாசாவுக்கு வந்தார் என்று எழுதுவதற்கே பொருள் இல்லை.

அடுத்து, தமிழ் மாணவருக்கு இவர் எதற்கு என்ற கேள்வி.

1983 ஆகஸ்ட் 30 அதிகாலை 2.32 மணிக்கு, புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) கிளம்பியது. விண்ணோடம் ஒன்று இரவில் ஏவப்பட்டது அதுவே முதல் முறை. எஸ்டிஎஸ்-8 என்ற அந்தப் பயணத்தின் தளபதி ட்ரூலி. இரவில் ஏவ வேண்டியிருந்ததற்குக் காரணமே அதன் சரக்கு அறையில் இருந்த இந்தியச் செயற்கைக்கோள், இன்சாட்-1பி. அதை உரிய இடத்தில், உரிய நேரத்தில் விடுவதற்கான கணக்கு அப்படி அமைந்தது. உங்கள் அட்டவணையில் எஸ்டிஎஸ்-8 இருக்கிறது. முதல் இரவு ஏவுதல், விண்ணுக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரான கயன் புளூஃபோர்டு என்ற இரண்டு குறிப்புகளும் இருக்கின்றன. இன்சாட்-1பி இல்லை. இன்னொரு பக்கத்தில் இன்சாட்-1பி டெல்டா ராக்கெட்டில் போனதாக அச்சாகியிருக்கிறது. டெல்டாவில் போனது 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ. அதே ஆண்டு செப்டம்பரில், விண்ணில் தன் திசையைக் கட்டுப்படுத்தும் எரிபொருள் தீர்ந்து அது செயலிழந்தது. அதன் பிறகு நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் 1பி மேல்தான் இருந்தது.

இன்சாட் போன்ற ஒரு செயற்கைக்கோளை, அது நிற்க வேண்டிய 36,000 கி.மீ. உயரத்துக்கே விண்ணோடம் கொண்டுபோய் வைப்பதில்லை. பூமியிலிருந்து சுமார் 300 கி.மீ. உயரத்தில்தான் அது சுற்றும். இன்சாட்-1பி-யின் அடியில் பேம்-டி என்ற சிறிய திட எரிபொருள் மோட்டாரைப் பூட்டி, இரண்டையும் சேர்த்துச் சரக்கு அறையில் ஒரு சுழல் மேசைமேல் நிறுத்தியிருந்தார்கள். விடும் நேரத்தில் மேசை பம்பரம்போலச் சுழலும். அந்தச் சுழற்சிதான் மோட்டார் எரியும்போது செயற்கைக்கோள் தள்ளாடாமல் காப்பது. பிறகு பூட்டு விடுபட, ஸ்பிரிங்குகள் அதை மெல்ல வெளியே தள்ளும். மோட்டார் உடனே எரியாது. விண்ணோடம் விலகிப் போவதற்கு முக்கால் மணி நேரம் போல இடைவெளி உண்டு. அதற்குள் தளபதி விண்ணோடத்தைத் தூரமாக நகர்த்தி, அதன் அடிவயிற்றை மோட்டார் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கக்கும் துகள்கள் ஜன்னல் கண்ணாடிகளைப் பதம்பார்த்துவிடும். ட்ரூலியும் குழுவினரும் ஆகஸ்ட் 31 அன்று இதைப் பிசகில்லாமல் செய்து முடித்தார்கள். பின்னர் சூரியத் தகடு விரியாமல் மாட்டிக்கொண்டது. கர்நாடகத்தின் ஹாசன் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறியாளர்கள் விடாமல் முயன்று, செப்டம்பர் நடுவில் அதைத் திறந்தார்கள்.

அந்தச் செயற்கைக்கோள்தான் நாடெங்கும் சிறு தொலைக்காட்சிக் கோபுரங்கள் முளைக்க வழிசெய்தது. 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் வகுப்பறை ஒளிபரப்பு அதன் வழியாகத்தான் தொடங்கியது. புயல் எச்சரிக்கையை நேராகக் கடலோர ஊர்களுக்கு அனுப்பும் கருவிகளை இன்சாட் மூலம் முதலில் இயக்கிப் பார்த்தது ஆந்திரத்தின் தென் கடற்கரையிலும் தமிழகத்தின் வட கடற்கரையிலும்தான். அதை மேலே கொண்டுபோய் விட்டவரின் பெயர் தமிழ் மாணவருக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம். நீங்கள் நீக்கிய இயலில் இருந்த, 1986-இல் நடந்த சேலஞ்சர் விபத்தின் விளக்கம் இப்போது வேறொரு பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கியிருக்கிறது. குளிரில் ரப்பர் வளையம் உடைந்ததால் விண்ணோடம் வெடித்தது என்று அங்கே இருக்கிறது. வளையம் உடையவில்லை.

விண்ணோடத்தை மேலே தள்ள இரு பக்கமும் பூட்டும் திட எரிபொருள் ராக்கெட்டுகளைத்தான் பூஸ்டர் என்பார்கள். பூஸ்டர் ஒவ்வொன்றும் 45 மீட்டர் உயரம், 3.7 மீட்டர் விட்டம். எரிபொருளை நிரப்பிய நான்கு துண்டுகளை ஏவுதளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மேல் துண்டின் விளிம்பு நாக்குபோல இறங்கி, கீழ்த் துண்டின் கவைபோன்ற விளிம்புக்குள் செருகும். சுற்றிலும் 177 ஊசிகள் அதைப் பிடிக்கும். நாக்குக்கும் கவைக்கும் நடுவில் 7.1 மி.மீ. தடிமன் உள்ள இரண்டு ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள். உட்புறத்திலிருந்து சூடான வாயு வராமல் தடுக்கத் துத்தநாகக் குரோமேட் மக்கு (இடைவெளியை அடைக்கும் பசை போன்ற பூச்சு).

பற்றவைத்ததும் பூஸ்டரின் உடல் உப்புகிறது. இணைப்புப் பகுதி மட்டும் தடித்தது என்பதால் அவ்வளவு உப்பாது. அதனால் நாக்கும் கவையும் லேசாகத் திருகி, நடுவே இடைவெளி விரியும். ஓ-ரிங் அந்தக் கணத்திலேயே விரிந்து இடைவெளியை அடைக்க வேண்டும். குளிர்ந்த ஓ-ரிங் விறைத்துக்கொண்டு தாமதமாகத்தான் விரியும். இறுகிப்போன குக்கர் காஸ்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காஸ்கெட் முழுசாகத்தான் இருக்கும், ஆனால் ஆவி ஓரத்தில் கசிந்துகொண்டிருக்கும். 1986 ஜனவரி 28 அன்று ஏவுதளத்தில் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ். அதற்கு முன் ஏவியதிலேயே குளிரான நாளில்கூட 12 டிகிரி இருந்தது. பற்றவைத்து ஒரு விநாடி ஆவதற்குள் வலப்பக்கப் பூஸ்டரின் கீழ் இணைப்பிலிருந்து கறும்புகை வந்தது. 73-ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது. ஏழு பேர் இறந்தார்கள்.

குளிர் மட்டும் காரணமில்லை. சோதனை முறையே சேதத்தை வளர்த்தது. ஓ-ரிங்குகள் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்க, இரண்டுக்கும் நடுவில் காற்றை அழுத்திப் பார்ப்பார்கள். அந்த அழுத்தம் முதல் ஓ-ரிங்கை உட்பக்கமாக, அதாவது அது அடைக்க வேண்டிய திசைக்கு எதிராகத் தள்ளியது. போதாததற்கு மக்கில் துளைகளையும் போட்டது. பிறகு சூடான வாயு அந்தத் துளைகள் வழியாகவே ஓ-ரிங்கின் ஒரே இடத்தில் பாய்ந்தது. பாதுகாப்புக்காகச் செய்த சோதனையே பலவீனத்தை உண்டாக்கியது என்பது பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய பாடம்! 'ரப்பர் உடைந்தது' என்ற இரண்டு சொற்களில் அது காணாமல் போகிறது.

ட்ரூலியின் வாழ்க்கையை இதிலிருந்து பிரிக்கவே முடியாது. 1981 நவம்பர் 12, அவருடைய 44-ஆவது பிறந்தநாள். அன்றுதான் ஜோ எங்கிளுடன் கொலம்பியாவில், எஸ்டிஎஸ்-2 பயணத்தில், முதல் முறையாக விண்ணுக்குப் போனார். விண்ணோடத்துக்கு மின்சாரம் தரும் எரிமின்கலம் ஒன்று பழுதாகி, ஐந்து நாள் பயணம் இரண்டு நாளாகக் குறைந்தது. திரும்பி வந்த பூஸ்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது வலப்பக்கப் பூஸ்டரின் கீழ் இணைப்பில் முதல் ஓ-ரிங் 1.3 மி.மீ. அளவுக்கு அரித்திருந்தது. பறந்து வந்த பூஸ்டரில் ஓ-ரிங் அரிப்பு காணப்பட்டது அதுவே முதல் தடவை. சேலஞ்சரில் திறந்துகொண்டதும் வலப்பக்கப் பூஸ்டரின் அதே கீழ் இணைப்புதான்.

அவருடைய இரண்டாவது பயணம் இன்சாட்-1பி போன எஸ்டிஎஸ்-8. அதிலும் பூஸ்டர் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. ஒரு பூஸ்டரின் நாஸிலில், அதாவது சூடான வாயு வெளியேறும் வாய்ப்பகுதியில், உட்பூச்சு சுமார் 7.5 செ.மீ. தடிமன். பாதியளவு கரிந்து போகும் என்பது கணக்கு. பிரித்துப் பார்த்தால் சில இடங்களில் மிஞ்சியது 5 மி.மீ. மட்டுமே. நாஸில் பாகங்களை மாற்றுவதற்காக அடுத்த பயணமான எஸ்டிஎஸ்-9 நவம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. ஆக, ட்ரூலி பறந்த இரண்டு பயணங்களிலும் பூஸ்டர் ஏதோ ஒரு விதத்தில் ஆபத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. 1983 அக்டோபரில் அவர் கடற்படைக்குத் திரும்பி, வர்ஜீனியாவின் டால்கிரனில் புதிதாக அமைந்த கடற்படை விண்வெளிக் கட்டளைப் பிரிவின் முதல் தலைவரானார். சேலஞ்சர் விபத்து நடந்து மூன்று வாரத்தில், 1986 பிப்ரவரி 20 அன்று, விண்பயணங்களுக்கான துணை நிர்வாகியாக நாசா அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தன்னை இரண்டு முறை சுமந்து சென்ற அதே பூஸ்டர்களைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

அங்கே நடந்த வேலையைத்தான் மாணவர் படிக்க வேண்டும். நாக்கின் உட்பக்கத்தில் கூடுதலாக ஓர் உதடு வைத்தார்கள். கவையின் உட்கால் அதற்குள் சிக்கிக்கொள்வதால் இணைப்பு திருகி விரிவது கட்டுப்பட்டது. அந்த உதட்டில் மூன்றாவது ஓ-ரிங். மக்கை அறவே விட்டுவிட்டு, உட்பக்கக் காப்புறையின் ஓரங்களையே ஒன்றோடொன்று ஒட்டி அடைத்தார்கள். உள்ளழுத்தம் ஏற ஏற அது இன்னும் இறுகும். இணைப்பைச் சுற்றி மின்சூடேற்றிகள் வந்தன. ஓ-ரிங் சரியான திசையில் உட்கார்ந்திருப்பதை உறுதிப்படுத்தும் வகையில் கசிவுச் சோதனைக்குக் கூடுதல் துளை வந்தது. பிறகு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முழு அளவு மோட்டார்களைப் படுக்கவைத்து எரித்துப் பார்த்தார்கள், மீண்டும் பறப்பதற்கு முன் ஐந்து தடவை. 1987 டிசம்பர் சோதனையில் நாஸிலைச் சேர்ந்த ஒரு வளையம் உடைந்தது. அந்தப் புது வடிவத்தைக் கைவிட்டார்கள். 1988 ஆகஸ்டில் நடந்த கடைசிச் சோதனையில் இணைப்புகளில் வேண்டுமென்றே குறைகளை வைத்து எரித்தார்கள். வாயு ஓ-ரிங் வரை போகட்டும், அப்போது அது தாங்குகிறதா பார்ப்போம் என்பது எண்ணம். தாங்கியது. நன்றாகச் செய்த ஒன்றைச் சோதிப்பதைவிடக் கெடுத்துவைத்த ஒன்றைச் சோதிப்பது கடினம். அதற்குத் துணிந்ததுதான் அந்த இரண்டரை ஆண்டு வேலையின் உச்சம் என்பது எங்கள் கருத்து.

1986 மார்ச் 24 அன்று ட்ரூலி வெளியிட்ட குறிப்பாணையையும் உங்கள் முந்தைய பதிப்பு சுருக்கித் தந்திருந்தது. மீண்டும் பறக்கும் முதல் பயணம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பகலில் ஏவ வேண்டும். பகலில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்க வேண்டும். ஏற்கெனவே கொண்டுபோய்ப் பழகிய வகைச் சரக்கு. நாசா வீரர்கள் மட்டும். என்ஜின்களை இதுவரை ஓட்டிய அளவுக்குமேல் விரட்டக் கூடாது. வானிலை விதிகளில் தளர்வு கூடாது. விண்ணோடத்தின் முதல் இரவு ஏவுதலுக்குத் தலைமை தாங்கியவர்தான் பகலில் மட்டும் என்று எழுதினார். 975 நாள் இடைவெளிக்குப் பிறகு, 1988 செப்டம்பர் 29 காலையில் டிஸ்கவரி விண்ணோடம் கிளம்பியது. ஐந்து வீரர்களும் முன்பே பறந்தவர்கள். அக்டோபர் 3 அன்று எட்வர்ட்ஸில் இறங்கினார்கள்.

இந்த மாற்றம் இந்தியாவையும் தொட்டது. இன்சாட்-1சி-யும் விண்ணோடத்தில் போகவே திட்டமிருந்தது. கூடவே இந்திய வீரர் ஒருவரும் போவதாக இருந்தது. விபத்துக்குப் பின், வணிகச் செயற்கைக்கோள்களை விண்ணோடத்தில் அனுப்புவதை 1986-இல் அமெரிக்க அரசு நிறுத்திக்கொண்டது. இன்சாட்-1சி 1988 ஜூலையில் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போனது. அந்த இந்திய வீரரின் பயணம் நடக்கவேயில்லை. இதுவும் உங்கள் பதிப்பில் இல்லை.

1989 ஜூலை 1 அன்று நாசாவின் தலைவராக வந்த பிறகான மூன்றாண்டுகளைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. முந்தைய இயலில் அந்தப் பகுதி கொஞ்சம் பூசி மெழுகியதுதான். 1990 கோடையில் ஹைட்ரஜன் கசிவால் விண்ணோடங்கள் மாதக்கணக்கில் நின்றன. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி ஓரத்தில் 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது அந்த ஜூனில் வெளிவந்தது. சோதனைக் கருவியின் வில்லை ஒன்று 1.3 மி.மீ. தள்ளிப் பொருந்தியதால் வந்த பிழை அது. கண்ணாடி தேய்க்கப்பட்டது ட்ரூலியின் காலத்துக்கு வெகுமுன்பு, பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் மனிதரை அனுப்பும் திட்டத்துக்கு 90 நாளில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். செலவு 50,000 கோடி டாலர் என்ற மதிப்பீடு வெளியில் வர, நாடாளுமன்றம் பின்வாங்கியது. விண்ணோடத்தையும் விண்வெளி நிலையத்தையும் அவர் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டதும், துணை அதிபர் டான் குவேல் தலைமையிலான விண்வெளி மன்றத்தோடு ஒத்துப்போகாததும் சேர்ந்து, 1992 பிப்ரவரியில் அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். அவருடைய பிடிவாதத்திலும் தவறு இருந்தது. அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு 1997 முதல் கொலராடோவில் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தை நடத்தினார் என்பதையும் இரண்டு வரியில் சேருங்கள். 2024 பிப்ரவரி 27 அன்று, 86 வயதில் அவர் காலமானார்.

எங்கள் கோரிக்கைகள் இவை. விற்பனையில் இருக்கும் படிகளோடு ஒரு பிழைதிருத்தத் தாள் சேர்க்க வேண்டும். அதில் மூன்று திருத்தங்கள் உடனே வர வேண்டும்: ட்ரூலி கடற்படையின் வைஸ் அட்மிரல், ராணுவ ஜெனரல் அல்ல; இன்சாட்-1பி போனது டெல்டாவில் அல்ல, சேலஞ்சரில்; ஓ-ரிங் உடையவில்லை, விறைத்து இடைவெளியை அடைக்கத் தவறியது. அடுத்த அச்சில் ட்ரூலி இயலைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நான்கு பக்கம் முடியாவிட்டால் இரண்டு பக்கம் போதும். அந்த இரண்டு பக்கத்தில் எஸ்டிஎஸ்-2, எஸ்டிஎஸ்-8, இணைப்பின் மறுவடிவமைப்பு மூன்றும் ஒரே தொடராக வர வேண்டும். பழைய இணைப்பையும் புதிய இணைப்பையும் அருகருகே காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வேண்டும். முந்தைய பதிப்பின் படத்தில் நாக்கும் கவையும் இடம் மாறியிருந்தன, அதைத் திருத்திப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பின்னிணைப்பில் உள்ள 'முதல் சாதனைகள்' பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் இந்தப் பக்கங்களின் மெய்ப்பை எங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். கட்டணம் ஏதுமில்லாமல் பார்த்துத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கையேட்டை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்